வேலை வீட்டை விட்டு வெளியே போனபோது

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, ஓசூரில் எங்கள் வாடகை வீட்டுச் சமையலறைக் கதவோரம் ஒரு மாதக் காலண்டர் தொங்கும். மளிகைக் கடையில் கொடுத்தது. அதில் ஒவ்வொரு வாரத்துக்கும் பக்கத்தில் அம்மா நீலப் பேனாவால் ஏ, பி, சி என்று எழுதி வைத்திருப்பார். ஏ என்றால் அப்பாவுக்குக் காலை ஆறு மணி ஷிஃப்ட், பி என்றால் மதியம் இரண்டு, சி என்றால் இரவு பத்து. சி வாரத்தில் பகலில் யாரும் சத்தம் போடக் கூடாது, ரேடியோ கிடையாது, குக்கர் விசில் கூட அப்பா எழுந்த பிறகுதான். பி வாரத்தில் நாங்கள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அவர் கம்பெனியில் இருப்பார், அவர் வரும்போது நாங்கள் தூங்கியிருப்போம், காலையில் நாங்கள் கிளம்பும்போது அவர் போர்வைக்குள் இருப்பார். அந்த வாரம் முழுக்க அப்பா என்றால் கொடியில் காயும் யூனிஃபார்மும் கழுவி வைத்த டிபன் பாக்ஸும்தான்.

தொழில்மயமாதல் குடும்பத்தை என்ன செய்தது என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்தக் காலண்டர்தான். பாடப்புத்தகத்தில் நீராவி இயந்திரம், ஸ்பின்னிங் ஜென்னி, ஜேம்ஸ் வாட், ஆண்டு எண்கள் எல்லாம் இருக்கும், பரீட்சைக்கு மனப்பாடம் செய்திருப்போம். அந்த இயந்திரம் வந்த ஊரில் மறுநாள் காலை அடுப்பைப் பற்ற வைத்தது யார், பிள்ளையை யார் பார்த்துக்கொண்டார்கள், கூலி யார் கைக்குப் போனது என்பதை அது அவ்வளவாகச் சொல்லாது. எனக்கு முக்கியமாகப் படுவது அதுதான், அதனால் அந்தப் பக்கத்திலிருந்தே விளக்குகிறேன்.

சரி, முதலில் சொல்லுக்கு அர்த்தம். கையாலும் வீட்டுக் கருவிகளாலும் பொருள் செய்துகொண்டிருந்த ஒரு சமூகம், ஒரே கூரையின் கீழ் நிறையப் பேரைக் கூட்டி, இயந்திரம் வைத்து, நேரத்துக்குச் சம்பளம் கொடுத்துப் பொருள் செய்கிற சமூகமாக மாறுவதைத்தான் தொழில்மயமாதல் என்கிறோம். முதலில் இது நடந்தது பிரிட்டனில், சுமாராக 1760-இலிருந்து 1840 வரை. பிறகு மற்ற ஐரோப்பிய நாடுகள், அமெரிக்கா, ஜப்பான் என்று பரவியது. எங்கள் பக்கம் அது வந்து சேர 1970-கள் ஆனது. தருமபுரி அப்போது பின்தங்கிய மாவட்டம், கிருஷ்ணகிரி, ஓசூர் எல்லாம் அதற்குள்தான் இருந்தன (2004-இல்தான் கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனது). பின்தங்கிய பகுதிக்கான அரசுச் சலுகைகளும் பக்கத்திலேயே பெங்களூரும் இருந்ததால் ஓசூரில் சிப்காட் என்ற அரசுத் தொழிற்பேட்டை வளர்ந்தது. 1980-களில் லாரி, மொபெட், கைக்கடிகாரம் எல்லாம் அங்கே உருவாக ஆரம்பித்தன. அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என்று எல்லோருக்கும் தெரிந்த பெயர்கள்தான்.

இதற்கு முன்னால் எப்படி இருந்தது? பாலக்கோட்டுப் பக்கம் எங்கள் தாத்தாவுக்கு மூன்று ஏக்கர் மானாவாரிக் கொல்லை. கேழ்வரகு, அதற்கு நடுவில் அவரை, துவரை, மழை நன்றாக இருந்தால் நிலக்கடலை. தாத்தா ஏர் ஓட்டினார், ஆயா விதைத்தார், களை எடுத்தார், கதிர் அறுத்தார். அத்தைகள் மாடு மேய்த்தார்கள், ஆறு வயது சித்தப்பா குருவி விரட்டினார். யாருக்கும் சம்பளம் இல்லை, யாரும் வேலைக்குப் ‘போகவில்லை’, ஏனென்றால் வேலையும் வீடும் ஒரே இடம். தாத்தாதான் அப்பா, அவர்தான் மேஸ்திரி, அவர்தான் கணக்குப்பிள்ளை. அந்த வீட்டை அப்படியே கொண்டாட வேண்டியதில்லை. ஆயாவுக்கு அவர் கையில் ஒரு ரூபாய் இருந்ததில்லை, சித்தப்பா மூன்றாவதுக்கு மேல் படிக்கவில்லை. ஆனாலும் அங்கே குடும்பம் என்பது சேர்ந்து உழைக்கிற ஒரு கூட்டம்.

இங்கிலாந்திலும் கிட்டத்தட்ட இப்படித்தான். வியாபாரி பஞ்சையோ கம்பளியையோ வீட்டுக்கு அனுப்புவார், பிள்ளைகள் சிக்கெடுப்பார்கள், மனைவி நூற்பாள், புருஷன் தறியில் உட்கார்ந்து நெய்வார், நெய்த துணியை வியாபாரி வாங்கிக்கொண்டு கூலி கொடுப்பார். இந்த ஏற்பாட்டை உடைத்தது நூற்பு இயந்திரம். 1771-இல் ரிச்சர்டு ஆர்க்ரைட் என்பவர் டெர்பிஷயரில் கிராம்ஃபர்டு என்ற ஊரில், தண்ணீர் விசையில் ஓடும் நூற்பாலையைக் கட்டினார். ஆள் வேண்டுமே, அதனால் தொழிலாளர்களுக்கு வரிசையாக வீடுகளும் கட்டிக் கொடுத்தார். அந்த வீடுகளைப் பற்றிப் படித்தபோது நான் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டேன். மாடியில் பெரிய ஜன்னல் வைத்துத் தறிக்கு ஒரு அறை. புருஷன் அங்கே உட்கார்ந்து நெய்ய வேண்டும், மனைவியும் பிள்ளைகளும் கீழே இறங்கி மில்லுக்குப் போக வேண்டும். பாதி வேலை வீட்டில், பாதி வேலை வெளியே. மாற்றம் நடந்துகொண்டிருக்கும்போதே எடுத்த போட்டோ மாதிரி அந்த வீடு இருக்கிறது. பின்னால் விசைத்தறி வந்ததும் மாடி அறைக்கும் வேலை இல்லாமல் போனது.

வேலை வீட்டை விட்டு வெளியே போனது என்ற இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மிச்சம் எல்லாம் அதன் பின்னாலேயே வரும். முதலில் வருவது நேரம்.

கொல்லையில் நேரம் என்பது வேலையைப் பொறுத்தது. மழை பெய்தால் இன்றைக்கே விதைக்க வேண்டும், இரவானாலும் பரவாயில்லை, களத்தில் கதிர் இல்லாத மாசத்தில் திண்ணையில் உட்கார்ந்து கயிறு திரிக்கலாம். இங்கிலாந்து நெசவாளர்களும் அப்படித்தான், திங்கட்கிழமை வேலை செய்யாமல் ஓய்வாக இருந்துவிட்டு வெள்ளிக்கிழமை ராத்திரி முழுக்க நெய்வார்கள். அந்த ஓய்வுக்குப் ‘புனித திங்கள்’ என்றே பெயர் வைத்திருந்தார்கள். தொழிற்சாலை இதை விடாது. இயந்திரம் ஓட ஆரம்பித்தால் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் நிற்க வேண்டும், தாமதமானால் கேட் சாத்திவிடுவார்கள், கூலியில் பிடிப்பார்கள். வீட்டில் கடிகாரம் இல்லாத தொழிலாளிகளை எழுப்புவதற்கென்றே அந்த ஊர்களில் ஆள் இருந்தான், நீளமான கோலால் ஜன்னலைத் தட்டிக்கொண்டே தெருத் தெருவாகப் போவான். அதுவும் ஒரு பிழைப்பாக இருந்தது. எங்கள் ஊரில் அந்த வேலையைக் கம்பெனி பஸ் செய்கிறது. விடியற்காலை நாலரைக்கு ராயக்கோட்டை ரோட்டில் நின்று பாருங்கள், ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு டிபன் பையோடு வரிசையாக நிற்பார்கள். பஸ் இரண்டு நிமிஷம் நிற்கும், அவ்வளவுதான்.

அடுத்து பிள்ளைகள். ஆரம்பகால மில்களில் பிள்ளைகள்தான் அதிகம். சின்னக் கை இயந்திரத்துக்கு நடுவில் புகுந்து அறுந்த நூலை முடிச்சுப் போடும், கூலியும் குறைவு. வீட்டில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சிக்கெடுத்த அதே பிள்ளை இப்போது முன்பின் தெரியாத ஒரு மேற்பார்வையாளரிடம் அடி வாங்கிக்கொண்டு ஒரு நாளைக்குப் பன்னிரண்டு, பதினான்கு மணி நேரம் நின்றது. ஊர் பொறுக்கவில்லை. 1833-இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் ஒரு சட்டம் போட்டு, துணி மில்களில் 9 வயதுக்குக் கீழே வேலைக்கு வைக்கக் கூடாது, 13 வரைக்கும் வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேல் கூடாது என்றது, பார்க்க இன்ஸ்பெக்டர்களையும் போட்டது. 1842-இல் சுரங்கத்துக்கு அடியில் பெண்களும் 10 வயதுக்குக் கீழான பையன்களும் போகக் கூடாது என்று இன்னொரு சட்டம். இந்தியாவில் 1881-இல் வந்த முதல் தொழிற்சாலைச் சட்டம் 7 வயதுக்குக் கீழே கூடாது என்றது. 7 வயது என்று படிக்கும்போதே நெஞ்சு பதறுகிறது. சுதந்திரத்துக்குப் பிறகு 1948 சட்டம்தான் அதை 14 ஆக்கியது.

இதற்குப் பின்னால் ஒரு பெரிய திருப்பம் இருக்கிறது. கொல்லையில் பிள்ளை என்றால் இரண்டு கை, சீக்கிரமே உதவிக்கு வரும். மில் ஆரம்பத்திலும் பிள்ளை சம்பாதித்தது. சட்டம் தடுத்து, பள்ளிக்கூடம் கட்டாயமாகி, நல்ல வேலைக்குப் படிப்பு வேண்டும் என்றான பிறகு பிள்ளை என்பது இருபது வருஷச் செலவாக மாறிவிட்டது. பெற்றுக்கொள்வது குறைய இது ஒரு முக்கியமான காரணம். ஐரோப்பாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியில் ஆரம்பித்த இந்தக் குறைவு இங்கே வேகமாக நடந்தது. 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 குழந்தை. ஆயா எட்டுப் பெற்றார், அம்மா மூன்று, என் அக்காவுக்கு ஒன்று. ஒரே வீட்டில் மூன்று தலைமுறையில் நடந்தது இது.

பெண்கள் விஷயத்துக்கு வருவோம், எனக்கு அதிகம் சொல்ல இருப்பது இதில்தான்.

எங்கள் ஆயாவைப் பார்த்து யாரும் “வீட்டில் சும்மா இருக்கிறாள்” என்று சொன்னதில்லை. சொல்ல முடியாது, ஊரே கொல்லையில் பார்க்கிறது. எங்கள் அம்மாவைச் சொன்னார்கள். அவர் ஏ வாரத்தில் மூன்றரைக்கு எழுந்து சோறு ஆக்கினார், பி வாரத்தில் ராத்திரி பதினொன்றரைக்குச் சோறு போட்டார், சி வாரத்தில் பகல் முழுக்க மூன்று பிள்ளைகளின் வாயைப் பொத்தினார், தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு ஓடினார். பள்ளிக்கூட விண்ணப்பத்தில் தாயின் தொழில் என்ற இடத்தில் ‘இல்லை’ என்று எழுதினோம். வேலை வெளியே போய், சம்பளம் வருவதுதான் வேலை என்று ஆனதும், வீட்டில் மிஞ்சிய வேலைக்குப் பெயரே இல்லாமல் போய்விட்டது. இங்கிலாந்திலும் இதே கதைதான், சம்பாதிப்பவன் புருஷன், வீட்டைப் பார்ப்பவள் மனைவி என்ற பிரிவு இயற்கையானது என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் நடுத்தர வர்க்கம் நம்ப ஆரம்பித்தது. அது அந்தக் காலத்தில் உருவான ஏற்பாடு, ஆதிகாலத்திலிருந்து வந்தது இல்லை. அப்பா மூன்று ஷிஃப்டும் முகம் சுளிக்காமல் பார்த்தார் என்றால் அம்மா நான்காவது ஷிஃப்ட் பார்த்ததால்தான்.

கல்யாணத்துக்கு முந்தைய பெண்களின் கதை வேறு. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் லோவல் என்ற ஊரில் 1820-களில் துணி மில்கள் வந்தபோது சுற்றுவட்டாரப் பண்ணைக் குடும்பங்களின் பெண்களைத்தான் வேலைக்கு எடுத்தார்கள். பெற்றவர்கள் பயப்படக் கூடாது என்று கம்பெனியே விடுதி கட்டி, காவலுக்கு ஒரு அம்மாவையும் வைத்து, ராத்திரி பத்து மணிக்குக் கதவைச் சாத்தியது. ஊரைப் பற்றி நான் சொல்லாமல் விட்டிருந்தால், தருமபுரியிலிருந்து மேற்கே பஞ்சு மில்லுக்குப் போன பெண்களைச் சொல்கிறேன் என்றே நினைத்திருப்பீர்கள். மூன்று வருஷம் மில் விடுதியிலேயே தங்கி வேலை, முடிவில் கல்யாணத்துக்கு ஒரு மொத்தத் தொகை, அதற்கு ‘சுமங்கலித் திட்டம்’ என்று பெயர். கேட்டைத் தாண்ட முடியாது, உடம்பு முடியாமல் பாதியில் வந்துவிட்டால் தொகை கிடைக்காமலே போகும். எங்கள் தெருவில் ஒரு அக்கா இரண்டரை வருஷத்தில் திரும்பி வந்தார், கைக்கு வந்தது பஸ் காசுதான். லோவல் பெண்கள் கூலிக் குறைப்பை எதிர்த்து 1834-இலும், விடுதிக் கட்டணத்தை எதிர்த்து 1836-இலும் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஒன்றாகத் தங்க வைத்த விடுதிதான் அவர்களை ஒன்றாகப் பேசவும் வைத்தது.

இன்றைக்கு ஓசூரைச் சுற்றி எலக்ட்ரானிக்ஸ் கம்பெனிகளில் ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் வேலை செய்கிறார்கள். போச்சம்பள்ளிப் பக்கம் வந்த ஸ்கூட்டர் கம்பெனி, 2021-இல், முழுக்கப் பெண்களை வைத்தே ஆலையை நடத்தப் போவதாக அறிவித்தது. ராத்திரி ஷிஃப்ட் கூட உண்டு. 1948 சட்டம் பெண்களை ராத்திரி வேலைக்கு வைக்கத் தடை போட்டிருந்தது, அந்தப் பிரிவை 2000-இல் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்றது, பாதுகாப்பு ஏற்பாடுகளோடு வைக்கலாம் என்று ஆனது.

சம்பளம் வந்ததும் எல்லாம் மாறிவிடுமா என்றால், அந்த ஏடிஎம் கார்டு யாருடைய பாக்கெட்டில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். சொந்தக்காரப் பெண் ஒருத்தி, பத்தொன்பது வயது, லைனில் நின்று வேலை செய்கிறாள். கார்டு அவள் அப்பாவின் சட்டைப் பையில், பின் நம்பர் அவர் போனில். முதல் வருஷம் மாசம் ஐந்நூறு ரூபாய் அவரிடம் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தாள். இரண்டாவது வருஷம் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன், பணத்தைக் கட்டியவள் அவள், ஆஸ்பத்திரியில் கார்டைத் தேய்த்து நம்பர் போட்டதும் அவள். அதற்குப் பிறகு கார்டு திரும்பி அப்பாவின் பைக்குப் போகவில்லை. “நானும் கேக்கல, அவரும் கேக்கல மாமா” என்றாள். மாப்பிள்ளை பார்க்க வந்தபோது, இன்னும் இரண்டு வருஷம் போகட்டும் என்று அவளே சொன்னாள், வீட்டில் கேட்டுக்கொண்டார்கள்.

கூட்டுக் குடும்பம் உடைந்து போனதே என்று எல்லோரும் சொல்வதுண்டு, அதில் கொஞ்சம் கவனம் வேண்டும். பீட்டர் லாஸ்லெட் என்ற வரலாற்றாய்வாளர் பழைய பதிவேடுகளை எடுத்து எண்ணிப் பார்த்தபோது, தொழிற்சாலை வருவதற்கு வெகுகாலம் முன்பே இங்கிலாந்தில் ஒரு வீட்டுக்குச் சராசரியாக ஐந்து பேர் கூட இல்லை என்று தெரிந்தது. இன்னொருவர், மைக்கேல் ஆண்டர்சன், 1851 மக்கள்தொகைக் கணக்கை வைத்து பிரஸ்டன் என்ற மில் நகரத்தைப் பார்த்தார். அங்கே சொந்தக்காரர்களைச் சேர்த்து வைத்துக்கொண்ட வீடுகள் நிறைய, தொழிற்சாலைக்கு முந்தைய இங்கிலாந்தை விட அதிகம். அம்மா மில்லுக்குப் போனால் பிள்ளையைப் பார்க்கப் பாட்டி வேண்டும், ஊரிலிருந்து வரும் தம்பிக்குப் படுக்க இடம் வேண்டும். எங்கள் பக்கமும் குடும்பம் உடைந்ததை விட நீண்டு போனது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. உலை மூன்று இடத்தில், குடும்பம் ஒன்று. ரேஷன் கார்டும் ஓட்டும் ஊரில், ஆள் ஓசூரில். ஆயா கேழ்வரகு மாவும் புளியும் அவரைக்காயும் மூட்டை கட்டி பஸ் டிரைவரிடம் சொல்லி அனுப்புவார், ஓசூர் பஸ் ஸ்டாண்டில் அப்பா இறக்கிக்கொள்வார், மாசம் பிறந்தால் பணம் எதிர்ப்பக்கம் போகும். பெங்களூர் கட்டட வேலைக்கும் திருப்பூருக்கும் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்தே போய்விட்ட வீடுகளில் நிலைமை கடினம். அரூர், பென்னாகரம் பக்கம் எத்தனையோ பிள்ளைகள் தாத்தா பாட்டியிடம்தான் வளர்கிறார்கள், அம்மா குரல் போனில்தான்.

வீட்டால் முடியாமல் போன இடங்களில் அரசு உள்ளே வந்ததும் இந்த மாற்றத்தின் ஒரு பகுதிதான். கொல்லை இருந்தவரை வயதானவருக்கு அதில் ஒரு பங்கு இருந்தது, சம்பளக்காரனுக்கு வயதானால் கேட்டுக்கு வெளியே. ஜெர்மனி 1889-இல் முதியோர் காப்பீட்டுச் சட்டம் போட்டது, பிரிட்டன் 1908-இல் ஓய்வூதியச் சட்டம் போட்டது, இங்கே 1948-இல் தொழிலாளர் காப்பீடான இஎஸ்ஐ, 1952-இல் சேமநல நிதியான பிஎஃப். 2022-இல் தமிழ்நாட்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் ஆரம்பித்த காலை உணவுத் திட்டத்தையும் நான் இதோடு சேர்த்துத்தான் பார்க்கிறேன். நாலரை மணி பஸ்ஸுக்கு ஓடும் அம்மா, எட்டு மணிக்குப் பிள்ளைக்கு எப்படி ஊட்டுவார்?

சாதியையும் சொல்லியாக வேண்டும். கம்பெனி பஸ்ஸில் யார் பக்கத்திலும் யாரும் உட்காருவார்கள், கேன்டீனில் ஒரே தட்டு, சூப்பர்வைசர் யார் வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம். ஊர்க் கொல்லையில் கூலிக்குக் கைகட்டி நின்றவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்பது நின்றவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் அதே ஓசூரில் வீடு பார்க்கப் போனால் “நீங்க என்ன ஆளுங்க?” என்றுதான் இன்றும் கேட்கிறார்கள். 2012 நவம்பரில் தருமபுரி நாயக்கன்கொட்டாய் பக்கம், ஒரு காதல் கல்யாணத்தைக் காரணம் காட்டி, நத்தம் காலனி உட்பட மூன்று தலித் குடியிருப்புகளை எரித்தார்கள். வெளியூர் போய் உழைத்த காசில் கட்டிய வீடுகளும் அதில் எரிந்தன. சம்பளம் மேலே தூக்கிவிட்டது, தூக்கிவிட்டதையே பொறுக்காத கோபமும் கூட வந்தது.

அப்பா காலத்துக் குடும்பம் ஒரு பெர்மனென்ட் வேலை மேல் நின்றது. அந்த ஒரு சம்பளத்தில் பிஎஃப் பிடித்து, சொசைட்டி லோன் போட்டு, அரை கிரவுண்டு வாங்கி, என்னைப் படிக்க வைத்தார்கள். இப்போது அதே கேட்டுக்குள் போகும் பையன்கள் டிரெய்னி, அப்ரண்டிஸ், காண்ட்ராக்ட். வருஷம் முடிந்தால் அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு வெளியே அனுப்பிவிடுகிறார்கள், அடுத்த கம்பெனி கேட்டில் போய் நிற்கிறார்கள். பேங்கில் லோன் கேட்டால் கிடைக்காது, எட்டு பேர் ஒரு ரூமில். தாத்தாவுக்குப் பெண் பார்த்தபோது “எத்தனை ஏக்கர், கிணத்துல தண்ணி இருக்கா?” என்று கேட்டார்களாம். அப்பாவுக்கு “எந்தக் கம்பெனி?” போன மாசம் தம்பி ஜாதகத்தை வாங்கிக்கொண்டு போன தரகர், வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே அம்மாவிடம் கேட்டார், “பையன் ரோல்ல இருக்கானா, காண்ட்ராக்ட்டாம்மா?”